வயர் இல்லாத குமிழ்

இரவு ஷிப்ட் முடிந்து மில் கேட்டைத் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: வீட்டுக்குப் போய்ப் படுக்கணும். தனுஷ்கோடிக்கு வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறக்கணும். நேற்று இறக்கி வைத்ததை ஏற்றணும். ஏற்றியதை இறக்கணும். மூடிவிட்டுப் படுக்கணும். கண் செருகும் நேரத்தில் என்னவோ விட்டுப்போனது போல இருக்கும். எழுந்து மறுபடி திறக்கணும்.

படுக்கையில் அவன் புரண்டதைவிட அந்தப் பாட்டு அதிகமாகப் புரண்டது.

பாட்டு அவன் எழுதியது. மெட்டும் அவனுடையது. பாடியவள் அவன் மனைவி வடிவு. ராஜபாளையத்தில் ஒற்றை அறை வீடு. தெருவில் மினி பஸ் ஹாரன், பக்கத்து வீட்டில் மிக்ஸி. பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவில் மைக்கைச் செருகி, அதற்குள் அவளைத் தலையை நுழைக்கச் சொல்லிப் பதிவு செய்தான்.

"மூச்சு முட்டுதுங்க."

"பல்லவி முடியட்டும். அப்புறம் மூச்சு விடு."

யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அம்மனுக்குப் பால்குடம் சுமந்து வருகிறவள் பாடுவது போன்ற பாட்டு அது. 'சிந்தாமச் செதறாமச் செம்பெடுத்து வந்தேன் தாயி' என்று தொடங்கும்.

கோயில் பாட்டுகளுக்கென்றே ஒரு சேனல் நடத்துகிற கோதண்டத்துக்கு மெட்டு பிடித்துவிட்டது. இந்த ஒரு பாட்டு சரியாக அமைந்தால், பங்குனித் திருவிழாவுக்கு வெளியிடுகிற மொத்தப் பாட்டுக்கும் குரலையும் வாத்தியத்தையும் அளவாகக் கலக்கும் ஒலிச்சேர்க்கை வேலையைத் தனுஷ்கோடிக்கே தருவதாகச் சொன்னார். அது கிடைத்தால் இரவு ஷிப்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு விடியற்காலையில் பேய் மாதிரி வீட்டுக்கு வர வேண்டியதில்லை. மனிதர்களைப் போல ராத்திரியில் தூங்கலாம்.

ஆனால் பாட்டு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது தடவை கோதண்டம் போனில் குரல் பதிவாகவே அனுப்பியிருந்தார்.

"அண்ணாச்சி, மெட்டு அருமை. அக்கா குரலும் அருமை. ஆனா கேக்க முடியல. காதுல ஊசியால குத்துற மாதிரி இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா இந்த வருசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

தனுஷ்கோடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. குரல் கொஞ்சம் மங்கலாக இருப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது. போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல. இன்னும் துலக்கம் வேண்டும். கொஞ்சம் ஏற்றினான்.

மறுநாள் வியாழக்கிழமை. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஹெப்சிபாவின் மாடிப்படி ஏறினான்.

ஹெப்சிபா சென்னையில் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி, சுவரெல்லாம் தேங்காய்நார் மெத்தையை அடித்து, ஆட்டோவில் ஒலிபரப்பும் விளம்பரங்கள் பதிந்துகொடுத்துப் பிழைத்தாள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மண்டி திறப்பு விழா, கண் மருத்துவ முகாம். ஊரில் எல்லோரும் அவளைச் சவுண்டு டீச்சர் என்றார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கண்ணே. என்ன விளம்பரம்? கடை திறப்பா, காதுகுத்தா?"

"விளம்பரம் இல்ல டீச்சர். படிக்க வந்திருக்கேன்."

"யாரு படிக்க? பையனா?"

"நான்தான்."

அவன் நரையையும் நரையில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தாள்.

"உங்களுக்குப் பாதி வயசுண்ணே எனக்கு."

"பாதிக்கு மேல இருக்கும். படிக்க வந்தவன் எதுக்கு வயசப் பாக்கணும்?"

அவள் சிரித்துவிட்டு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"கால ஆட்டாதீங்க. மேசை ஆடுது. சொல்லுங்க, என்ன படிக்கணும்?"

"ஒரே ஒரு கேள்விதான். பாட்டு முடிஞ்சுபோச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எது, பாடி முடிக்கிறதா?"

"இல்ல டீச்சர். இத ஏத்துறேன், அத இறக்குறேன். ஏத்தினா இறக்கணும்னு தோணுது. இறக்கினா ஏத்தணும்னு தோணுது. போதும், கையை எடுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

"பாட்டப் போடுங்க" என்றாள்.

போட்டான். முதல் வரி வந்ததுமே அவள் கை நீண்டு சத்தத்தைக் குறைத்தது. இரண்டாவது வரியில் இன்னும் குறைத்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தனுஷ்கோடி நினைத்தான்.

பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து, அலமாரியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். சோற்று டப்பா அளவு இருக்கும். முகப்பில் ஒரே ஒரு கறுப்புக் குமிழ். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு துண்டால் மூடினாள்.

"இந்தக் குமிழத் திருப்பினா குரல்ல இருக்கிற சீறல், அந்த 'ஸ்ஸ்'ங்கிற சத்தம், கூடும், குறையும். சரியான இடம் வந்ததும் நிறுத்துங்க. நான் டீ போட்டுட்டு வரேன்."

பாட்டை மறுபடி ஓடவிட்டுப் போய்விட்டாள்.

தனுஷ்கோடி இடப்பக்கம் திருப்பினான். குரல் தணிந்தது. வலப்பக்கம் திருப்பினான். எழும்பியது. இன்னும் கொஞ்சம். அதிகமாகிவிட்டது. மயிரிழை அளவு பின்னால் வந்தான். கண்ணை மூடிக்கொண்டான். வியர்த்தது. சட்டென்று ஓர் இடத்தில் வடிவு அவன் பக்கத்தில் வந்து நின்று பாடுவது போல இருந்தது. விரலை அங்கேயே நிறுத்தினான்.

"கெடைச்சிருச்சு டீச்சர்!"

ஹெப்சிபா இரண்டு கையிலும் டம்ளரோடு வந்தாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. நேத்து இருந்ததுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

டம்ளரை வைத்துவிட்டுத் துண்டை எடுத்தாள். பெட்டியின் பின்னால் வயர் இல்லை. வயர் சொருகுகிற ஓட்டைகள் மட்டும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன.

தனுஷ்கோடி பெட்டியைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பினான். கீழேயும் பார்த்தான்.

"அப்ப நான் கேட்டது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"குரல் ஏறி இறங்குச்சே!"

"நான் வேலை பாத்த ஸ்டுடியோவுல இது சோபாவுக்குப் பக்கத்துல இருக்கும். புரொட்யூசர் வந்து 'என்னமோ கொறையுதே'ன்னு சொன்னா, அவர் கையிலேயே குடுத்துருவோம். அவர் திருப்பிப் பாத்துட்டு 'இப்பத்தான்யா உயிர் வந்துச்சு'ம்பாரு. எல்லாரும் சந்தோசமா வீட்டுக்குப் போவோம்."

"என்னையும் புரொட்யூசர் ஆக்கிட்டீங்க."

"டீயக் குடிங்க புரொட்யூசரே. ஆறிரும்."

அவன் குடிக்கவில்லை. படியிறங்கும்போது ஒரு படி தவறியது. தன் காதைத் தானே நம்ப முடியாதவனுக்கு இனி எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று இருந்தது.

வீட்டில் ரசம் கொதிக்கிற வாசனை. வடிவு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கைகால் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தான்.

"சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்களேன்."

"இரு வடிவு. பக்கத்துல உக்காரு. ஒரு தடவ கேளு."

'சிந்தாமச் செதறாம' என்று பாட்டு எழும்பியது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வடிவு எழுந்தாள்.

"அடுப்புல பால் இருக்கு."

"எந்நேரமும் பால்தானா?"

"காபி வேண்டாமாக்கும்?" என்று சமையல் மேடைத் தடுப்புக்குப் பின்னால் போய் மறைந்தாள்.

பாட்டு மூன்று தடவை ஓடியது. காபி வரவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கண் திரையில் ஓடுகிற பச்சைக் கோட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி மாடிப்படி ஏறினான். ஹெப்சிபா ஒரு நகைக்கடைக்காக "வாங்க வாங்க" என்று பதிந்துவைத்த குரல்களில் எது நிஜமான அழைப்பு என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"கோபம் போயிருச்சாண்ணே?"

"கோபம் இல்ல டீச்சர். பயமாயிருக்கு. நாளைக்கு சனிக்கிழமை."

அவன் தலையிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து ஊதினாள்.

"மில்லுல எந்தப் பகுதி?"

"நூல் நூக்குற எடம். ரிங் ஃப்ரேம்."

"சத்தம் ஜாஸ்தியா?"

"பக்கத்துல நிக்கிறவன் வாயப் பாத்துதான் பேச்சத் தெரிஞ்சுக்கணும்."

"காதுக்கு ஏதும் வச்சுக்க மாட்டீங்களா?"

"எல்லாரும் பஞ்சு அடைச்சுக்குவாங்க. நான் அடைக்க மாட்டேன்" என்றான். சொல்லும்போது முகம் லேசாக மலர்ந்தது. "அந்த மெசின் இருக்கே டீச்சர், ராத்திரி முழுக்க ஒரே சுதியில நிக்கும். தம்புரா மாதிரி. அதுமேல நான் மனசுக்குள்ள பாடிக்கிட்டே நடப்பேன். எனக்கு வந்த மெட்டு பூரா அங்க வந்ததுதான். கல்யாணத்துக்கு முந்தி இருந்தே அப்படித்தான். பஞ்ச வச்சா சுதி போயிருமே!"

ஹெப்சிபா குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவன் பேச்சு சூடுபிடித்துக்கொண்டது. வீடியோவில் ஒருவன் சொன்ன உபாயம், இன்னொருவன் அதை மறுத்தது, பீரோவில் பதிந்தால் குரல் இறுகுவது, சேலைக்குப் பதில் கம்பளி தொங்கவிட்டால் என்ன என்பது. பேசிக்கொண்டே போனான். நடுவில் ஹெப்சிபா மேசைக்குக் கீழே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மறுபடி கீழே பார்த்தாள். மறுபடி அவனை. அப்படி ஒருவரும் அவனை உற்றுப் பார்த்ததில்லை. நம் பேச்சில் மயங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அவன் இன்னும் வேகமாகப் பேசினான். திடீரென்று திரையும் விளக்கும் அணைந்தன.

"என்ன, கரண்ட் போயிருச்சா?"

"அப்பவே போயிருச்சுண்ணே. இவ்வளவு நேரம் பேட்டரியில ஓடுச்சு."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு."

இதுவும் ஏதோ பாடம் என்று நினைத்துத் தனுஷ்கோடி இருட்டில் தலையாட்டினான்.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். வெயில் உள்ளே வந்தது.

"வீட்டுல அக்கா பாட்டப் பத்தி என்ன சொல்றாங்க?"

"அவ எங்க கேக்குறா? பாட்டப் போட்டாலே அடுப்புல பால் இருக்குன்னு எந்திரிச்சுப் போயிருவா." குரல் இறங்கியது. "அவ பாடினது டீச்சர். அவளுக்கே பிடிக்கல. கூசுது, குத்துதுன்னு கோதண்டம் சொல்லட்டும், அவரு வெளி ஆளு. இவ ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போறா பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல."

"எப்பயுமே பாலா?"

"எப்பயுமே."

"நாளைக்கு அக்காவக் கூட்டிட்டு வாங்க."

"மறுபடி பாட வைக்கப் போறீங்களா? நேரம் இல்லையே?"

"கூட்டிட்டு வாங்கண்ணே."

சனிக்கிழமை காலை வடிவு பூ வைத்து, நல்ல சேலை கட்டி வந்தாள். மாடியறையின் மெத்தைச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா ஹெப்சி, சுவத்துக்கெல்லாம் படுக்க விரிச்சிருக்கே!"

"சத்தம் மோதி விழுந்தா வலிக்கக் கூடாதுல்லக்கா."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. "இவுகளையும் ஒரு மெத்தையில அமுக்கித் தூங்க வையி. உனக்குப் புண்ணியமாப் போகும். மூணு நாளாக் கண்ண மூடல."

அவளைப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள் ஹெப்சிபா. தனுஷ்கோடி திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மேசையைப் பார்த்தான். அதே இரும்புப் பெட்டி. அதே கறுப்புக் குமிழ். பின்பக்கம் அதே துண்டு.

"மறுபடியுமா டீச்சர்?"

"திருப்புங்கண்ணே. சரியான இடம் வந்ததும் நிறுத்துங்க."

"இன்னைக்கு ஏமாற மாட்டேன்."

"நல்லது."

அவள் பாட்டைப் போட்டாள். தனுஷ்கோடி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மனசைக் கழுவிவிட்டவன் போலக் கேட்டான். இடப்பக்கம் திருப்பினான். பாட்டு அப்படியே இருந்தது. வலப்பக்கம் திருப்பினான். அப்படியே. அன்றைக்கு இல்லாத மாற்றத்தை இட்டுக்கட்டிய காது இன்றைக்கு நேர்மையாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசி வரைக்கும் வலப்பக்கம் திருகினான். ஒரு சின்ன அசைவுகூட இல்லை. மூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசாகியது.

"டீச்சர்! எனக்கு ஒண்ணும் மாறல. சுத்தமா ஒண்ணும் மாறல. ஒழுங்காக் கேட்டுட்டேன். இதுல வயரே இல்ல!"

சொல்லிக்கொண்டே துண்டை உருவினான்.

பெட்டியின் பின்னால் ஒரு கறுப்பு வயர் சொருகியிருந்தது. மேசைமேல் வளைந்து வளைந்து போய் மெஷினுக்குள் நுழைந்தது. தனுஷ்கோடி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் ஹெப்சிபாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் திரும்பினான்.

வடிவு இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி, தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்து, அவன் பார்ப்பதைக் கண்டதும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"தோடு உறுத்துது" என்றாள்.

தனுஷ்கோடி கையைப் பின்னால் நீட்டிக் குமிழைத் தொட்டான். இடப்பக்கம் திருப்பினான். அவள் தோள் மெல்ல இறங்கியது. வலப்பக்கம் திருப்பினான். தோள் ஏறியது. அவன் காதில் பாட்டு மாறவே இல்லை.

ஹெப்சிபா பாட்டை நிறுத்தினாள்.

"வடிவு."

"ம்."

"வீட்டுல அடுப்புல பால் இருக்குன்னு..."

அவள் சேலை நுனியைச் சுருட்டினாள். "நாள் முச்சூடும் பால் காய்ச்சிக்கிட்டே இருக்க நாம என்ன காபிக் கடையா வச்சிருக்கோம்?"

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லச் சொல்றீக? ராத்திரி பூரா நின்னுட்டு வந்து, தூங்காம அதுக்குள்ளயே கெடக்கிறீக. ஆசையாப் பண்றீக. இது குத்துதுன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிப்போகும். நான் பாடின லட்சணந்தான் அப்படி இருக்குபோலன்னு வேற நினைச்சேன்."

தனுஷ்கோடி குமிழைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

"கோதண்டம் சொன்ன ஊசி..."

"இருக்குண்ணே" என்றாள் ஹெப்சிபா. "மொத நாளே இருந்துச்சு. அந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் மட்டும் உங்க காதுக்கு வரல. வரலன்னு நீங்க ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க. நேத்து கரண்ட் போனப்ப மேசைக்குக் கீழ யுபிஎஸ் பீப் பீப்னு கத்திச்சு. நீங்க கம்பளியப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தீங்க."

"கத்துச்சா?"

"காது வலிக்கக் கத்துச்சு."

கீழே தெருவில் ஓர் ஆட்டோ, ஹெப்சிபாவின் குரலில் தள்ளுபடி சொல்லிக்கொண்டு போனது.

"மில்லா?"

"டாக்டர்தான் சொல்லணும். எனக்கு அப்படித்தான் தோணுது."

"திரும்ப வருமா?"

"போனது வராதும்பாங்க. இருக்கிறதக் காப்பாத்தலாம்." மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சு போன்ற இரண்டு சின்னக் காது அடைப்பான்களை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். "இன்னைக்கு ஷிப்ட்டுல இருந்தே."

"இத வச்சா சுதி போயிரும் டீச்சர். மெட்டு வராது."

"வராட்டி வந்து என்னைத் திட்டுங்க."

அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்தான்.

"கோதண்டத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிர்றேன். காது இல்லாதவனுக்கு இந்த வேல எதுக்கு?" விரல் தவறி வேறு யாருடைய பெயரோ திறந்தது. மூடினான். மறுபடி தேடினான். "பஞ்சு அடைக்காம இருந்ததாலதான் மெட்டு வந்துச்சு. அதே..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

வடிவு எழப் போனாள். ஹெப்சிபா கையமர்த்தினாள். அவன் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவனோடு சேர்த்தே ஒரு திருப்புத் திருப்பினாள். சக்கரம் கீச்சிட்டதா என்று அவனுக்குத் தெரியாது. வடிவு முகம் சுளித்தாள்.

இப்போது திரை அவன் முதுகுக்குப் பின்னால். ஸ்பீக்கரும் பின்னால். ஓர் எட்டு தூரத்தில், முழங்காலுக்கு முழங்கால் எதிராக, வடிவு.

இரும்புப் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள் ஹெப்சிபா. வயர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது.

"டீச்சர், திரையப் பாக்க முடியலயே?"

"ஆமா."

"அப்ப எங்க பாக்க?"

அவள் பாட்டைப் போட்டாள்.

'சிந்தாமச் செதறாம' என்றது குரல். வடிவின் நெற்றி சுருங்கியது. கை காதுக்குப் போகத் துடித்தது. அடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடக்காத வடிவு" என்றான்.

"என்னைய எதுக்கு இப்படிப் பாக்குறீக? கூச்சமா இருக்கு."

"கூசுனா கூசட்டும். மறைக்காத."

குமிழைத் திருப்பினான். நெற்றிச் சுருக்கத்தில் ஒரு கோடு அழிந்தது. இன்னும் திருப்பினான். இன்னொரு கோடு. கழுத்து நரம்பு தளர்ந்தது. அவன் காதில் அதே பாட்டுத்தான், ஒரு மாற்றமும் இல்லாமல். இன்னும் கொஞ்சம் திருப்பினான். வடிவு முன்னால் சாய்ந்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள் போலப் புருவத்தைத் தூக்கினாள். தாண்டிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. பின்னால் வந்தான். மயிரிழை. இன்னொரு மயிரிழை.

வடிவு நாற்காலியில் சாய்ந்தாள். கண் அவனை விட்டு எங்கேயோ போனது. தலை லேசாக அசைந்தது. சரணம் வந்தபோது அவள் உதடும் அசைந்தது. பால்குடம் சந்நிதிக்கு வந்து சேருகிற வரியில், ஸ்பீக்கரில் பாடுகிற வடிவோடு நாற்காலியில் இருக்கிற வடிவும் சேர்ந்துகொண்டாள். பதிந்தபோது பீரோவுக்குள் முட்டிய மூச்சு இல்லை இது. வாய்விட்டு, தன்னை மறந்து, பாட்டு முடிகிறவரை பாடினாள்.

தனுஷ்கோடியின் விரல் குமிழின் மேல் இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் என்ன என்று அரித்தது. திருப்பவும் பயம், எடுக்கவும் பயம்.

"டீச்சர்" என்றான் திரும்பாமல். "முடிஞ்சுபோச்சா?"

ஹெப்சிபா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள்.

"அடுப்புல பால் இருக்கான்னு அக்காகிட்டக் கேளுங்கண்ணே."